துணி நம்முடையது, சொல் யாருடையது?

(மூன்றாம் ஆண்டு மின்னியல் மற்றும் மின்னணுப் பொறியியல் துறை மாணவி ஒருவர்)



'ஆள் பாதி, ஆடை பாதி' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அந்தப் பாதி எப்படி இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்வது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது ஒவ்வொருவரும் கணினி, சுற்றுச்சூழல், இளைஞர் சக்தி என்று தலைப்பு எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்டது, வேலைக்குப் போகிற பெண் என்ன உடுத்துவது என்ற விஷயம். "இதுல எழுத என்ன இருக்கு?" என்று சிலர் சிரித்தார்கள். சிரித்த எல்லோரும் பையன்கள்! அவர்களுக்கு பேண்ட், சட்டை, ஷூ என்று மூன்றே சொல்லில் பிரச்சினை முடிந்துவிடுகிறது. நமக்கு அப்படி முடிவதில்லை.

கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கினால் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டுவார்கள். கம்பெனி பெயர், தேதி, தகுதி மதிப்பெண், எத்தனை போட்டோ, எந்தெந்தச் சான்றிதழ் எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். கடைசி வரியில் மட்டும் 'டிரஸ் கோடு: ஸ்மார்ட் கேஷுவல்' என்று இருக்கும். அன்று இரவு லேடீஸ் ஹாஸ்டலில் யாரும் டிரான்ஸ்பார்மர் படிப்பதில்லை. அந்த இரண்டு சொல்லைத்தான் படிக்கிறோம். ஸ்மார்ட் என்றால் என்ன? கேஷுவல் என்றால் என்ன? இரண்டும் சேர்ந்தால் சுடிதாரா, பேண்ட்டா, புடவையா?

எங்கள் வீட்டுக்குத் தெரிந்த கேஷுவல்

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறார். அப்பா சாயப்பட்டறையில் கேஷுவல் லேபர். ஆகவே கேஷுவல் என்ற ஆங்கிலச் சொல் எங்கள் வீட்டுக்குப் புதியதல்ல. கேஷுவல் என்றால் வேலை நிரந்தரமில்லை, பி.எஃப். இல்லை, 'நாளைக்கு வர வேண்டாம்' என்றால் பேசாமல் திரும்பிவிட வேண்டும். இதுதான் எங்கள் வீட்டு அர்த்தம். ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டால் கேஷுவல் என்றால் லீவு என்பார்கள். சொல் ஒன்றுதான், அது நுழைகிற வீட்டைப் பொறுத்து அர்த்தம் மாறிவிடுகிறது. உடையில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எங்கள் தெருவில் ஒரு ஆள் கிடையாது. ஏனென்றால் எங்கள் தெருவில் ஆபீசுக்குப் போகிறவர் யாரும் இல்லை.

இந்த மூன்று ஆண்டுகளில் நான் பார்த்த மூன்று பேரைச் சொல்கிறேன்.

எங்கள் துறை சீனியர் அக்கா ஒருவர் பக்கத்து வீட்டில் கடன் வாங்கி பேண்ட், சட்டை, ஷூ எல்லாம் புதிதாக எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே கேள்வி கேட்டவர்கள் காலர் டீ-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பற்றி. அக்கா நன்றாகச் சொன்னார், வேலையும் கிடைத்தது. அந்தக் கம்பெனியில் யூனிபார்ம் கொடுத்துவிட்டார்கள். கடன் வாங்கி எடுத்த பேண்ட் டிரங்க் பெட்டியில் கிடக்கிறது.

இன்னொரு அக்காவிடம் இருந்த நல்ல துணி தீபாவளிக்கு எடுத்த ஜிகினா வைத்த சுடிதார் ஒன்றுதான். நல்ல துணியைத்தானே நல்ல காரியத்துக்குப் போட வேண்டும்? அதைப் போட்டுக்கொண்டு போனார். "என்னம்மா, கல்யாணத்துக்கு வந்தியா?" என்று உள்ளே ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு கேட்ட கேள்வி எதுவும் அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது ஆள் என் வகுப்புத் தோழி. அவள் போகவே இல்லை. "வயித்து வலிடி" என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். அவளுடைய மதிப்பெண் என்னுடையதைவிட அதிகம். அவள் அலமாரியைப் பார்த்தவள் என்பதால் அது என்ன வலி என்று எனக்குத் தெரியும்.

இரண்டு சொல் தெரியாததால் ஒருத்திக்குக் கடன், ஒருத்திக்கு அவமானம், ஒருத்திக்கு வேலையே போயிற்று. இது அலங்காரப் பேச்சா, வயிற்றுப்பாட்டுப் பேச்சா? நீங்களே சொல்லுங்கள்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். அமெரிக்காவில் ஆபீஸ் என்றால் கோட்டும் டையும்தான் என்று ஒரு காலம் இருந்தது. ஹவாய்த் தீவுகள் நம் ஊர் மாதிரி வெயில் அடிக்கும் இடம். 1960களில் அங்கே வெள்ளிக்கிழமை மட்டும் பூப்போட்ட அலோஹா சட்டையில் வேலைக்கு வரலாம் என்ற வழக்கம் பரவியது. அதற்காக முன்னால் நின்று பாடுபட்டவர்கள் யார் தெரியுமா? அந்தத் தீவில் ஆடை தயாரித்து விற்றவர்களின் சங்கத்தார்!

பிறகு 1992இல் ஜீன்ஸுக்குப் பெயர்பெற்ற லீவை ஸ்ட்ராஸ் நிறுவனம், ஆபீசுக்கு கேஷுவலாக எப்படி உடுத்துவது என்று ஒரு சிறு கையேடு அச்சடித்து, அமெரிக்காவில் ஏறக்குறைய 25,000 பணியாளர் துறை மேலாளர்களுக்குத் தபாலில் அனுப்பியது. அதே நிறுவனம் 1986 முதல் டாக்கர்ஸ் என்ற பெயரில் காக்கி பேண்ட் விற்று வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். அவர்களுடைய காக்கி ஆபீசுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. நம்முடைய காக்கி கோட் வொர்க்ஷாப்பிலேயே நிற்கிறது!

இதிலிருந்து எனக்குப் புரிவது ஒன்றுதான். இது ஆகாயத்திலிருந்து விழுந்த ஒழுக்கம் அல்ல. கோட்டும் டையும் போட்டு வியர்த்தவர்களிடம் 'அதைக் கழற்றுங்கள்' என்று சொல்ல வந்த ஏற்பாடு. கோட்டே போடாத நம்மிடம் அது வந்து சேர்ந்தபோது, கழற்றச் சொன்ன விதி, வாங்கச் சொல்கிற விதியாகிவிட்டது.

எழுதியிருந்தால்தான் வாதாட முடியும்

"உடையெல்லாம் ஒரு விஷயமா?" என்பவர்களுக்கு நம் பக்கத்து வரலாறே பதில் சொல்லும். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தபோது, நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்குப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல் அரசர் அனுமதி கொடுத்தார். கொடுக்கும்போதும், மேல்சாதிப் பெண்கள் அணிகிற விதத்தில் அணியக் கூடாது என்று ஒரு வரி சேர்த்துத்தான் கொடுத்தார். யார் உள்ளே, யார் வெளியே என்று பிரித்துக் காட்டத் துணியைப் போல் வசதியான கருவி வேறு இல்லை.

2014இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேட்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. தமிழ்நாடே கொதித்தது. அதே ஆண்டில் சட்டமன்றம் கூடி, வேட்டியைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான், வரவேற்கிறேன். நீதிபதிக்கு நேர்ந்ததால் சட்டம் வந்தது. ஹாஸ்டல் அறையில் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டவளுக்கு யார் சட்டம் கொண்டுவருவது?

2019இல் தமிழ்நாடு அரசு தலைமைச் செயலக ஊழியர்களுக்கு உடை பற்றி ஓர் ஆணை போட்டது. பெண்கள் புடவை, சல்வார் கமீஸ், துப்பட்டாவுடன் சுடிதார் ஆகியவற்றை அலுவலக மரியாதைக்கு ஏற்ற அடக்கமான நிறங்களில் அணியலாம் என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அதை நாம் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். துப்பட்டா எதற்கு என்று கேட்கலாம். ஆனால் கேட்க முடிகிறதே, அது ஏன்? எழுதி வைத்திருப்பதால்தான். எழுதாத விதியோடு வாதாட முடியாது. அதைத் தெரிந்தவன் பாஸ், தெரியாதவன் பெயில், அவ்வளவுதான்.

நாம் டிப்ளமோ மாணவர்கள். அளவு குறிக்காத டிராயிங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஃபிட்டர் அண்ணன் என்ன செய்வார்? "நீளம் எங்க, அகலம் எங்க, டாலரன்ஸ் எங்க?" என்று முகத்திலேயே திருப்பிக் கொடுப்பார். 'ஸ்மார்ட் கேஷுவல்' என்பது அளவு குறிக்காத டிராயிங். அதை வைத்துக்கொண்டு நம்மைப் பொருத்தச் சொல்கிறார்கள். பொருந்தாவிட்டால் குற்றம் நம்முடையது என்கிறார்கள்!

சரி, அதற்கு என்னதான் அர்த்தம்?

விசாரித்ததில் தெரிந்ததை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறேன். கோட்டு, டை, பளபளக்கும் பட்டு என்ற முழு விறைப்பு ஒரு பக்கம். வீட்டில் இருக்கும்போது போடும் உடை இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில், துவைத்துத் தேய்த்த, பொருத்தமான அளவுள்ள, அலங்காரம் குறைந்த உடைதான் ஸ்மார்ட் கேஷுவல். பருத்தி சல்வார் செட் சேரும். குர்தியும் நேர் பேண்ட்டும் சேரும். காலர் வைத்த சட்டையோ டீ-ஷர்ட்டோ, கூட ஒரு பேண்ட்டும் சேரும். மடிப்பு எடுத்துக் கட்டிய சாதாரணக் காட்டன் புடவையும் பெரும்பாலான இடங்களில் சேரும். கிழிந்த ஜீன்ஸ், நெஞ்சில் பெரிய வாசகம் எழுதிய பனியன், ஜிகினா, ரப்பர் செருப்பு ஆகியவை சேராது. ஒவ்வோர் இடத்திலும் கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் பேண்ட் மட்டும்தான் ஸ்மார்ட், சுடிதார் பட்டிக்காடு என்று யாராவது சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

அதைவிட முக்கியம், துணியைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொள்ளவே கூடாது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் போவது திருப்பூரிலிருந்து. வெளிநாட்டில் ஸ்மார்ட் கேஷுவல் என்று போடுகிற காலர் டீ-ஷர்ட்டுக்குக் காலர் வைக்கிற கை எங்க அம்மா மாதிரி ஆட்களின் கை. அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். ஆனால் துணியை இரண்டு விரலில் பிடித்து, "இது 180 ஜி.எஸ்.எம்., இது 140, துவைச்சா தொளதொளன்னு ஆயிரும்" என்று சொல்லிவிடுவார். ஜி.எஸ்.எம். என்றால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில். கடைக்குப் போனால் அம்மா விலைச்சீட்டைக் கடைசியில்தான் பார்ப்பார். "கண்ணு, மொதல்ல உள்பக்கம் திருப்பிப் பாரு. உள்பக்கந்தான் உண்மையப் பேசும்" என்பார்.

அம்மா சொல்லிக் கொடுத்தவை இவை. தோள் தையலை இரு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள். இடைவெளி தெரிந்தால் ஆறு மாதம் தாங்காது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் லைனிங் வைத்துத் தைக்க வேண்டும், அதன் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பருத்தி முதல் துவையலில் சுருங்கும். துணி எடுத்துத் தைப்பதானால் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டுவிட்டு டெய்லரிடம் கொடுங்கள். உள்ளே துணி விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். உடம்பு மாறினால் பிரித்து விட்டுக்கொள்ளலாம். புதுசு எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வேலைக்குப் போகிறவளின் மூன்று கேள்விகள்

கண்ணாடி முன் நின்று 'அழகா இருக்கா?' என்று கேட்பதில் தப்பில்லை. எனக்கும் ஆசை உண்டு! ஆனால் அதற்கு முன்னால் மூன்று கேள்விகள் இருக்கின்றன என்பது என் தாழ்மையான கருத்து.

முதல் கேள்வி: இது என் உயிருக்கு ஆபத்து இல்லையா? ஓடுகிற மோட்டார், பெல்ட், கப்ளிங் பக்கத்தில் ஷால் கூடாது. பின் குத்தினாலும் கூடாது. பின் குத்திய ஷால் சிக்கினால் ஆளையும் சேர்த்து இழுக்கும். தொங்கும் கை, விரித்த கூந்தல், உலோக வளையல், மோதிரம் எதுவும் ஆகாது. பேனலில் ஃபிளாஷ் அடித்தால் பருத்தி கருகும். பாலியஸ்டரோ சுமார் 250 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேறு கதை. நைலான், பாலியஸ்டர் உரசி உண்டாகும் நிலைமின்சாரம் ஐ.சி.யைக் கெடுத்துவிடும். அதனால்தான் அங்கே நம் துணிக்கு மேல் தனிக் கோட் கொடுத்து, மணிக்கட்டில் பட்டையும் கட்டிவிடுகிறார்கள். ஆகவே மெஷின் பக்கம் போகிற வேலை என்றால் ஷாலைக் கழற்றி வைப்பதை யாரும் ஒழுக்கக் கேடு என்று பேசக் கூடாது. நம் வொர்க்ஷாப்பில் முதலாண்டிலிருந்தே ஷாலைக் கழற்றிவிட்டுக் காக்கி கோட் போடுகிறோமே, வானமா இடிந்து விழுந்தது?

இரண்டாவது கேள்வி: இதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் அதை மறந்திருக்க முடியுமா? குனிந்தால் இழுக்கிறது, ஏணி ஏறினால் தடுக்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கை தானாகத் தோளுக்குப் போகிறது என்றால், நாம் உடைக்கு வேலை செய்கிறோம். பருத்தி காற்றிலுள்ள ஈரத்தில் தன் எடையில் ஏறக்குறைய 8 சதவீதம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 1 சதவீதம்கூடப் பிடிக்காது. சித்திரை வெயிலில் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவளுக்கு இந்தக் கணக்கு புத்தகம் படிக்காமலே தெரியும். ஆனால் முழுப் பருத்தி கசங்கும், தினம் தேய்க்க வேண்டும். கலப்புத் துணி அவ்வளவாகக் கசங்காது. பேனல் பக்கம் போகாத ஆபீஸ் வேலை என்றால் கலப்புத் துணி எடுப்பதில் குறைவொன்றும் இல்லை. மாதத்தில் அந்த நாட்களை நினைத்து, கீழே போடுவதை அடர்ந்த நிறத்தில் எடுத்துக்கொள்வது நல்லது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வேலை நாட்களில் அந்த நாட்களும் அடக்கம்தானே!

மூன்றாவது கேள்வி: இதைத் திரும்பத் திரும்பப் போட முடியுமா? கறுப்பு, கருநீலம் என்று இரண்டு பேண்ட், அவற்றோடு சேருகிற மாதிரி நாலு மேல்துணி. மாற்றி மாற்றிப் போட்டால் எட்டு ஜோடி ஆகிவிடும். முன்பக்கம் மூடிய, குதிகால் உயரமில்லாத ஷூ ஒன்று போதும். கோ-ஆப்டெக்ஸில் பண்டிகைத் தள்ளுபடி வரும்போது கைத்தறிப் பருத்தி பாருங்கள். திருப்பூர் பக்கத்தில் இருப்பவர்கள் ஏற்றுமதியில் மிஞ்சிய காலர் டீ-ஷர்ட் விற்கும் கடைகளைப் பாருங்கள். 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் பெற்றவர்கள் நம்மில் பலர். அந்தப் பணம் ஒரே நாளைக்கான ஒரே உடைக்குப் போகக் கூடாது.

இத்தோடு ஒரு சின்ன விண்ணப்பம். டெய்லரிடம் பாக்கெட் வைக்கச் சொல்லுங்கள்! பையன்களுக்கு மூன்று நாலு பாக்கெட். நமக்கு ஒன்றுகூட இல்லை. டெஸ்டரை எங்கே வைப்பது? பஸ் காசை எங்கே வைப்பது? பக்கத் தையலில் ஒரு பாக்கெட் வைக்க ஒரு சாண் துணிதான் ஆகும். "லேடீஸ் டிரஸ்ஸுக்கு எதுக்கும்மா பாக்கெட்?" என்று கேட்டால், "சம்பளம் வைக்க அண்ணா" என்று சொல்லுங்கள்.

இரண்டு பக்கத்து அறிவுரை

நமக்கு உடை விஷயத்தில் அறிவுரை சொல்ல இரண்டு கூட்டம் தயாராக இருக்கிறது. ஒரு கூட்டம், "இங்கிலீஷ்காரி மாதிரி போனாத்தான் மதிப்பாங்க" என்கிறது. இன்னொரு கூட்டம், "பேண்ட் போட்டா நம்ம பண்பாடு என்னாகிறது?" என்கிறது. இரண்டு கூட்டமும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. நாம் என்ன வேலை தெரிந்து வைத்திருக்கிறோம் என்று கேட்காமல், எப்படித் தெரிகிறோம் என்று மட்டும் பார்க்கின்றன. பேண்ட்டில் வசதி என்றால் பேண்ட், சுடிதாரில் வசதி என்றால் சுடிதார். போட்டுக்கொண்டு ஏணி ஏறப்போவது நாம்தான், அவர்கள் இல்லை.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். வேலையிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் தொல்லையைத் தடுக்க 2013இல் வந்த சட்டம், பத்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் புகார்க் குழு வைக்கச் சொல்கிறது. ட்ரெயினி, அப்ரன்டிஸ் என்று நம்மையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அங்கே எவனாவது தப்பாக நடந்தால், 'நீ என்ன உடுத்தியிருந்தாய்?' என்பது கேள்வியே இல்லை.

கம்பெனிகளின் பக்கமும் குறை உண்டு. நான் இன்பிளான்ட் ட்ரெயினிங் போன இடத்தில் எல்லோருக்கும் சேஃப்டி ஷூ கொடுத்தார்கள். இருந்ததில் சின்ன சைஸ் 7. என் பாதம் 4. முன்னால் துணியைத் திணித்துக்கொண்டு பத்து நாள் நடந்தேன். பாதுகாப்புக்கு என்று கொடுத்த ஷூவே படிக்கட்டில் காலை வாரிவிடப் பார்த்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில், ஓடும் இயந்திரத்தின் பக்கத்தில் போய் ஆயில் விடுவது, பெல்ட் சரி செய்வது போன்ற வேலைகளைச் செய்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும், அந்த உடையை நிர்வாகமே கொடுக்க வேண்டும் என்று இருந்தது. நல்ல விதி. ஆனால் அதில் எழுதியிருந்தது 'ஆண் தொழிலாளி' என்று. பெண் அங்கே வருவாள் என்றே அவர்கள் நினைக்கவில்லை. இப்போது வந்துவிட்டோம். நம் சைஸிலும் ஷூ வர வேண்டாமா?

நாம் கேட்க வேண்டியவை

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. மாணவர் பேரவைக்கும் நிர்வாகத்துக்கும் என் வேண்டுகோள்கள் இவை:

1. இன்டர்வியூ நோட்டீஸில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று மட்டும் போடாமல், எது சேரும், எது சேராது என்று தமிழில் நாலு வரி எழுத வேண்டும். 'துவைத்துத் தேய்த்த சுடிதார் போதும்' என்ற ஒரே வரி பல வீடுகளில் கடனை நிறுத்தும்.

2. கம்பெனியிலிருந்து வருகிறவர்களிடம் வேலைவாய்ப்புப் பிரிவே முன்கூட்டிக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். தனி உடை வேண்டும் என்றால் அதை அவர்கள் கொடுக்க வேண்டும். பெண்கள் சைஸில் ஷூவும் கோட்டும் உண்டா என்பதையும் கேட்க வேண்டும்.

3. மாணவிகள் ஓய்வறையில் ஓர் இஸ்திரிப் பெட்டி, ஆளுயரக் கண்ணாடி, ஊசி நூல், சேஃப்டி பின் வைக்க வேண்டும். அதோடு ஓர் அலமாரியில், படிப்பு முடித்துப் போகிற அக்காக்கள் கொடுக்கும் நல்ல நிலையிலுள்ள உடைகளும் ஷூக்களும் இருக்கட்டும். பெயர் எழுத வேண்டாம், கையெழுத்து வேண்டாம். வேண்டியவள் எடுத்துப் போட்டுக்கொண்டு, துவைத்து வைக்கட்டும். லைப்ரரி புத்தகம் எடுக்க நாம் வெட்கப்படுகிறோமா?

4. தோழர்களே, இது உங்களுக்கு. யார் என்ன உடுத்தி வந்தாலும் வராந்தாவில் நின்று விமர்சனம் வேண்டாம். இன்டர்வியூ அன்று காலையில் நீங்கள் அடிக்கிற ஒரு கமெண்ட், அவள் ஒரு வாரம் படித்ததை அழித்துவிடும்.

இந்த நாலில் ஒன்றுக்கும் பெரிய பணம் தேவையில்லை. முதலாவதற்கு ஒரு பேனா போதும்!

தோழியரே, நம் அம்மாக்கள் நூற்றார்கள், நெய்தார்கள், சாயம் போட்டார்கள், தைத்தார்கள். பட்டன் கட்டி, மடித்து, பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். அந்தப் பெட்டி போய்ச் சேரும் ஆபீசுக்குள் அவர்கள் போனதில்லை. நாம் போகப் போகிறோம். போகும்போது என்ன உடுத்துவது என்ற பயத்தில் ஒருத்திகூட ஹாஸ்டல் அறையில் தங்கிவிடக் கூடாது. அடுத்த நோட்டீஸ் ஒட்டப்படும் அன்று, புரியாத சொல்லைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு போகாமல், நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்: "சார், இதுக்கு அளவு எங்க?"